கித்தேரியம்மாள் போட்ட எழுத்து

பஜாரில் பிச்சை முகம்மதுவின் மளிகைக் கடைக்கு எட்டு மணிக்குப் பேப்பர் வரும். எட்டேகாலுக்கெல்லாம் சண்டை ஆரம்பித்துவிடும். போன வாரம் முழுக்க ஒரே சண்டை. மந்திரிகளும் அதிகாரிகளும் போய்வர அரசாங்கம் ராணுவ விமானங்களை வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று. கூடவே கூடாது என்கிறார் பிச்சை முகம்மது. எல்லையில் அடிபட்ட சிப்பாயைத் தூக்கிவர வேண்டிய வண்டியில் ரோஜா மாலையும் சால்வையும் ஏறிப் போவதா என்று அவருக்கு ஆத்திரம். ஞானவேல் வாத்தியார் வேறு கட்சி. புயலடித்து ஊரே முங்கிக் கிடக்கும்போது கலெக்டர் லைன் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்க முடியுமா என்பார். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்ததும் என்னைப் பார்ப்பார்கள். டவுன்ஷிப் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக டைப் அடிக்கிறவன் நான். இந்த மலையில் ஹெலிகாப்டர் இறங்கிய ஒவ்வொரு தடவையும் அதற்கான காகிதம் என் மிஷினில்தான் அடிபட்டது. அதனால் பவுல்ராஜுக்கு ஏதோ தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கித்தேரியம்மாளைத்தான். அவரைப் பற்றிச் சொல்கிறேன், நீங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்ளுங்கள்.

கித்தேரியக்கா பிறந்தது கீழே அய்யம்பாளையத்தில். பதினெட்டு வயதில் கல்யாணமாகி மலைக்கு வந்தார். முதல் வாரம் முழுக்கக் குளிரில் அழுதேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்காரர் அடைக்கலராஜுக்கு ரோடு கேங்கில் வேலை. அக்கா ஊர்க் கோடியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். பெருக்குவார், துடைப்பார், பிரசவ அறையில் டாக்டரம்மா பக்கத்தில் நிற்பார், கிறிஸ்துமஸ் வருவதற்குள் காம்பவுண்டுச் சுவர் முழுக்க ஒற்றை ஆளாக வெள்ளையடித்து முடிப்பார். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். சாப்பிடாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் டாக்டரம்மாவுக்கே திட்டு விழும். பிரசங்கம் நீண்டுபோன ஞாயிற்றுக்கிழமைகளில் சாமியாரும் தப்பியதில்லை.

படிப்பு மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். இங்கிலீஷில் ஒரே ஒரு எழுத்துத்தான் தெரியும், எச். ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முக்கில் நீல போர்டில் வெள்ளையாக அந்த ஒற்றை எழுத்து இருக்கும். மழையில் கரைந்துபோகிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை அக்காதான் அதன்மேல் வெள்ளை பூசுவார். எச் என்றால் ஆஸ்பத்திரி. இதில் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது, யாருக்கும்தான் எப்படி இருக்கும்?

எழுபத்து நாலில் முதல்முதலாக ஒரு பெரிய அதிகாரி விமானப்படை ஹெலிகாப்டரில் வந்தார். ஏரிக்கு மேலே உள்ள மைதானத்தில் வட்டம் போட்டு நடுவில் எச் போட வேண்டும் என்று உத்தரவு. எங்கள் ஆபீஸ் ஆட்கள் விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுகிற மாதிரி சுண்ணாம்புப் பவுடரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். ஹெலிகாப்டர் இறங்கிய காற்றில் வட்டமும் போச்சு, எழுத்தும் போச்சு. மாலையோடு நின்ற எங்கள் இன்ஜினியர், மேளக்காரர்கள், இறங்கி வந்த அதிகாரி எல்லாரும் புருவம் வரைக்கும் வெள்ளை. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்குச் சாயந்திரமே எனக்கொரு மெமோ வந்தது.

அடுத்த வருஷம் மறுபடியும் ஒரு வருகை. சுண்ணாம்பு விஷயம் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்ததில் கித்தேரியக்கா பேர் அடிபட்டது. அக்கா வந்தார். கல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி, சோற்றுக் கஞ்சியும் உப்பும் விட்டுக் கலக்கி, முளை அடித்துக் கயிறு கட்டி வட்டம் இழுத்தார். நடுவில் என்ன எழுதணும் என்று கேட்டார். இன்ஜினியர் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார்.

"இதுதானா? இது நம்ம ஆஸ்பத்திரி எழுத்தாச்சே" என்றார் அக்கா.

"அதேதான், அதேதான், வெரசா போடும்மா" என்றார் இன்ஜினியர். அவருக்கு அன்றைக்கு ஆயிரம் சோலி.

ஹெலிகாப்டர் இறங்கியது. ஒரு பொட்டுச் சுண்ணாம்பு பறக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குத்தான் ஆள் போகும். அவர் மனசுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது மூன்று வருஷம் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும். அரசாங்கம் மலைமேல் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு ஹெலிகாப்டர் ஏற்பாடு செய்திருக்கிறது, பெரிய மனுஷர்கள் அடிக்கடி அதில் ஏறி வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போகிறார்கள், இதுதான் அவருடைய கணக்கு. அப்படிப்பட்ட நோயாளி இதுவரை வரவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டு ஐப்பசியில் பத்து நாள் விடாத மழை. சில்வர் காஸ்கேடு அருவிக்கு அந்தப் பக்கம் மலைச் சரிவு அப்படியே ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. பஸ் இல்லை, லாரி இல்லை, டெலிபோன் கம்பியும் அறுந்துபோயிற்று. மழைச் சேதத்தைப் பார்வையிட ஒரு மந்திரியும் மூன்று அதிகாரிகளும் ஹெலிகாப்டரில் வந்தார்கள். பதினொரு மணிக்கு இறங்கினார்கள். சரிந்த இடத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தார்கள். பிறகு கெஸ்ட் ஹவுஸுக்குச் சாப்பிடப் போனார்கள். பனி இறங்குவதற்குள், இரண்டரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. நான் பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றேன்.

பன்னிரண்டரை இருக்கும். ஏரிப் பக்கமிருந்து நாலு பேர் டோலி தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் கித்தேரியக்கா, பின்னால் டாக்டர் அருள்மேரி. நேராகக் கயிறு கட்டிய இடத்துக்கு வந்தார்கள். காவலுக்கு நின்ற ஏட்டு இராமலிங்கம் கையை நீட்டி மறித்தார்.

"ஆஸ்பத்திரிக்காரங்கய்யா. கேஸு கொண்டாந்திருக்கோம்" என்றார் அக்கா. வழி விடுங்கள் என்பது போலத்தான் இருந்தது குரல்.

என்ன கேஸ், யார் சொல்லி வந்தீர்கள் என்று ஏட்டு கேட்டார். அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தரையில் தான் போட்ட எழுத்தைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. முதலில் சிரிப்பு வந்தது. டோலிக்குள் எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

வெள்ளகவியிலிருந்து விடியுமுன் கிளம்பி ஒற்றையடிப் பாதையில் தூக்கி வந்திருக்கிறார்கள். சண்முகவள்ளி என்று பேர், தலைப் பிரசவம், வலி எடுத்து ஒரு பகலும் ஒரு இரவும் ஆகிவிட்டது. தூக்கி வந்த நாலு பேரில் ஒருவன் புருஷன் மயில்சாமி. அவன் தோள் தோலுரிந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் மண் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். சரிவைத் தாண்டித் தூக்கிப் போகலாம் என்றால் அந்தக் குலுக்கலைத் தாங்க மாட்டாள். மூன்று மணி நேரத்துக்குள் மதுரையில் மேஜைமேல் படுக்க வைத்தால் இரண்டு உயிரும் பிழைக்கும். அக்கா எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார் என்று டாக்டரம்மா நினைத்திருக்கிறார். டாக்டரம்மாவுக்குத் தெரியாததா என்று அக்கா நினைத்திருக்கிறார். இப்படித்தான் அந்த டோலி மைதானம் வரை வந்து சேர்ந்தது.

விமானி ஒரு மலையாளி. சத்தம் கேட்டு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் முதலில் சிரித்தார், அவரும் டோலியைப் பார்த்ததும் நிறுத்தினார். பின் இருக்கைகளைக் கழற்றினால் ஸ்ட்ரெச்சர் போகும், கூட இரண்டு பேர் போகலாம், மதுரைக்கு அரை மணி நேரம்தான் என்றார். ஆனால் இன்றைக்கு வண்டி மந்திரியின் பயணத்துக்கு என்று கொடுக்கப்பட்டது, அவர் சொல்லாமல் நான் எடுக்க முடியாது என்றும் சொன்னார். போய்விட்டுத் திரும்புவதற்குள் பனி இறங்கினால் அவர்கள் மலையிலேயே தங்க வேண்டியதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

ஆபீஸ் ஜீப்பில் அக்காவை ஏற்றிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்கு ஓடினேன். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. மந்திரியின் பி.ஏ. வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை, விதியைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழகாத மனுஷர். இது ராணுவ வண்டி, அரசாங்க வேலைக்கு மட்டும்தான், இதில் தனியாரை ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசியாக ஒன்று சொன்னார்.

"இன்னைக்கு இவங்களுக்குக் கொடுத்தா, நாளைக்கு ஊர்ல இருக்கிற நோயாளி எல்லாம் ஹெலிகாப்டர் வேணும்னு வந்து நிப்பாங்க."

"நிக்கட்டுமேங்க. அதுக்குத்தானங்க வச்சிருக்கீங்க" என்றார் அக்கா.

கிண்டலில்லை, கெஞ்சலும் இல்லை. தெரிந்த விஷயத்தை இந்த மனுஷனுக்கு ஏன் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற ஆச்சரியம்தான் அதில் இருந்தது. குரல் உள்ளே கேட்டிருக்கிறது. மந்திரி சோற்றுக் கையோடு, யாரய்யா அது, உள்ளே விடு என்றார். அக்கா போய் மேஜைக்கு முன்னால் நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன்.

"அய்யா, உங்க ஆளுக மூணு வருசமா வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. எறங்குது, ஏறுது, எல்லாம் சரியாத்தான் இருக்கு. இன்னிக்குத்தாங்க ஆள் வந்திருக்கு. வெள்ளகவிப் பிள்ள, தலப்பிரசவம், குறுக்க கெடக்கு. மூணு மணி நேரந்தான் தாங்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க. சட்டுனு அனுப்பி வைங்க."

மந்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "என்னய்யா சொல்லுது இந்தம்மா? அந்த மைதானம் ஆஸ்பத்திரிக்கா?"

எங்கள் இன்ஜினியர் குனிந்து ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற அதிகாரிகள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னால் அக்கா மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டார், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. ஏற்கெனவே மெமோ வாங்கினவன் வேறு.

"ஆமாங்கய்யா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கோம்" என்றேன்.

பி.ஏ. மந்திரியின் காதோரம் குனிந்து பனியைப் பற்றியும் மதுரையில் சாயந்திரம் நடக்க வேண்டிய கூட்டத்தைப் பற்றியும் சொன்னார். மந்திரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, ராத்திரிக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லிவிட்டு, போகட்டும் என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். இரக்கமா, இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல வெட்கமா, எனக்குத் தெரியாது. எதுவாயிருந்தால் என்ன, அந்த மனுஷனுக்கு அன்றைக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

இருக்கைகளைக் கழற்றிப் புல்லில் வைத்தார்கள். என் பட்டியலில் மந்திரி, அதிகாரிகள் பேரையெல்லாம் அடித்துவிட்டு சண்முகவள்ளி, மயில்சாமி, டாக்டர் அருள்மேரி என்று பேனாவால் எழுதினேன். பதவி என்று ஒரு கட்டம் இருந்தது. சண்முகவள்ளிக்கு நேராக என்ன எழுதுவது என்று தெரியாமல் கோடு போட்டுவிட்டேன். அந்தப் பெண் கண்ணைத் திறக்கவேயில்லை. மயில்சாமி மட்டும் மாறி மாறி எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே ஏறினான். ஒன்றேகாலுக்கு ஹெலிகாப்டர் எழும்பிற்று.

இரண்டு மணிக்கே பனி இறங்கிவிட்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. மந்திரியும் பரிவாரமும் மலையில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கிற்று, பனி விலகியதும் வரும் என்று போலீஸ் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. உள்ளே இருந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டுச் சொல்லச் சொல்லி ஏட்டு இராமலிங்கத்தை நச்சரித்தேன். வி.ஐ.பி. செய்திக்கு மட்டும்தான் லைன் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதாக அவரும் வருத்தப்பட்டார். அன்றும் மறுநாளும் அக்கா ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு மைதானத்துக்கு வந்து நின்றார். புல்லில் கிடந்த இருக்கைகள்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது. ஹெலிகாப்டர் இறங்கி, விசிறி நிற்பதற்கு முன்னாலேயே விமானி கதவைத் திறந்து, கயிற்றுக்கு அப்பால் நின்ற அக்காவைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. அக்கா அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்து, மாதாவே மாதாவே என்று விம்மி விம்மி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஏட்டு தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து பி.ஏ. அக்காவிடம் வந்தார். பாராட்டத்தான் வந்தார், பாவம். பெட்டியை ஏற்றச் சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்தீர்கள், ஆனால் அந்த எழுத்து ஆஸ்பத்திரி இல்லையம்மா, ஹெலிகாப்டர் என்பதற்கான எழுத்து, நாங்கள் இறங்குவதற்காகப் போடுவது என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். அக்கா எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்துவிட்டார்.

நாற்பது நாள் கழித்து சண்முகவள்ளி பிள்ளையோடு வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஏறிவந்து, அக்காவைப் பார்த்துவிட்டு வெள்ளகவிக்கு நடந்து இறங்கினாள். ஊரில் அந்தப் பிள்ளையை இன்றைக்கும் மந்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு ஹெலிகாப்டர் வரவில்லை. எண்பது தை மாதம் ஒரு வருகை என்று தகவல் வந்தது. அக்காவுக்கு ஆள் அனுப்பினோம். வர மாட்டேன் என்றுவிட்டார். இன்ஜினியர் என்னை அனுப்பினார். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார் அக்கா. கோபமா என்று கேட்டேன்.

"கோவமில்ல பவுலு. அன்னிக்குத் தெரியாமக் கேட்டுட்டேன். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன். அது செத்துருக்கும்ப்பா." கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்தார். "இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஒண்ணு வந்தா, போய்க் கேக்க எனக்கு வாய் வருமா?"

ஆபீஸுக்கு வந்து அன்று சாயந்திரம் வரை மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு வேலை செய்தேன். வருகை ஏற்பாட்டு உத்தரவில் மொத்தம் பதினாறு ஐட்டம் உண்டு. தண்ணீர் தெளிப்பது, மாலை, மேளம், தீயணைப்பு வண்டி என்று போகும். பதினேழாவதாக நானே ஒன்று சேர்த்து அடித்தேன். ஹெலிகாப்டர் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி, மதுரைக்குப் போக வேண்டிய நோயாளி உண்டா என்று கேட்டு, பதில் வந்த பின்பே புறப்பாடு. இன்ஜினியர் வழக்கம்போல் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஆபீஸில் ஒரு காகிதம் ஒரு தடவை கையெழுத்தாகிவிட்டால் போதும், அடுத்த தடவை அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். யார் சேர்த்தது, ஏன் சேர்த்தது என்று இந்த ஏழு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த வரியால் நாலு பேர் மதுரைக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் பிழைக்கவில்லை. மூன்று பேர் நடந்து திரும்பினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் தை மாத வருகையைப் பற்றி. பதினேழாவது ஐட்டத்தை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். கீழே இருந்த கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கே சுண்ணாம்பு நீற்றப் போய்விட்டார்.

வந்தவர் டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி. விழா முடிந்து, மாலையெல்லாம் ஏற்றி, அவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார். விமானி என் கையிலிருந்த உத்தரவைப் பார்த்துவிட்டு, பதினேழுக்கு இன்னும் பதில் வரவில்லையே என்றார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது ஏரிப் பக்கமிருந்து கித்தேரியக்கா வந்தார். ஓடவில்லை. ஆஸ்பத்திரி நீலச் சேலையில், கையைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார். ஏட்டு இராமலிங்கம் கயிற்றைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார். அக்கா நேராக ஹெலிகாப்டர் கதவருகே போய் நின்று, உள்ளே இருந்தவரிடம் சொன்னார்.

"இன்னிக்கு ஆஸ்பத்திரியில கேஸ் ஒண்ணும் இல்லங்க. நீங்க போகலாம்."

அந்த அதிகாரி என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. தலையை ஆட்டி, நன்றி என்றார். விமானி கதவைச் சாத்தினார்.